சுழியம் காட்டும் காந்தம்

கணினிக் கட்டளைப்படி நகர்ந்து வெட்டும் என் சிறிய சிஎன்சி இயந்திரத்தில் அச்சுகளின் தொடக்க இடத்தை (சுழியத்தை) உணர்த்திய சுவிட்சுகளுக்குள் மரத்தூள் புகுந்து அடிக்கடி கோளாறு செய்ததால், அவற்றுக்குப் பதிலாக காந்தம் நெருங்குவதை உணரும் ஏ3144 ஹால் சென்சார் சில்லுகளைப் பொருத்தினேன். காந்தப்புலத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்துக்குக் குறுக்காக மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்தார். தொடுதலே இல்லாததால் இங்கே தேய்மானமும் இல்லை, மரத்தூளும் ஒரு பொருட்டில்லை.

முதல் நாள் எதுவும் வேலை செய்யவில்லை. எழுத்து அச்சிட்ட முகத்தைக் காந்தத்தின் தென்முனை நெருங்கினால்தான் இந்தச் சில்லு இயங்கும் என்பதை மறந்து, வடமுனையைக் காட்டியிருந்தேன். அதன் வெளியீடு திறந்த கலெக்டர் வகை, அதாவது இணைப்பைத் தரைக்கு இழுக்க மட்டுமே வல்லது என்பதால், மற்ற நேரத்தில் அதை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி வைக்க 10 கிலோ ஓம் புல்-அப் மின்தடை ஒன்றும் தேவைப்பட்டது. காந்தம் நெருங்கும்போது சில்லு இயங்கும் புள்ளியும் விலகும்போது விடுபடும் புள்ளியும் வேறுவேறாக இருப்பதால், எப்போதும் ஒரே திசையிலிருந்து மெதுவாக நெருங்கும்போதுதான் நம்பத்தக்க சுழியம் கிடைக்கிறது. காந்தத்தை மோட்டாரின் சூட்டருகே ஒட்டாதீர்கள். சாதாரண நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வலுவிழக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் லாட்ச் வகையையும் தவறி வாங்கிவிட வேண்டாம்: எதிர்முனை வரும்வரை அது விடாப்பிடியாக இயங்கிய நிலையிலேயே நிற்கும்.