முன்கூட்டிச் சொல்லிவிடாதே

2025 ஏப்ரல் 6, ஞாயிறு. ஜெருசலேம்

பெசாக், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் யூதப் பண்டிகை, இந்த வருடம் சனி இரவில் வந்து விழுகிறது. சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்த கையோடு செடர், அந்தக் கதையைச் சொல்லிச் சாப்பிடும் சடங்கு விருந்து. அதுவரை மேசை போடக்கூடாது, ஒரு கரண்டியைக்கூட ராத்திரிக்கென்று எடுத்து வைக்கக்கூடாது. இருட்டி முடிய ஏழே முக்கால் ஆகிவிடும். அஃபிகோமனை, விருந்தின் கடைசியில் தின்னும் புளிக்காத ரொட்டித் துண்டை, நள்ளிரவுக்குள் தின்றாக வேண்டும். நள்ளிரவு என்றால் இரவின் சரிபாதி; கோடை நேரக் கணக்கில் இங்கே அது 12.40. ஆக, ஐந்து மணி நேரம். ஆறு வயதுப் பிள்ளை அதில் எத்தனை மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும்?

ஏப்ரல் 7

செடரின் பதினைந்து படிகளும் பாட்டாகப் பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டன. கதேஷ், ஊர்ஹட்ஸ், கர்பாஸ், யஹட்ஸ்... பெயர் மட்டும். எதற்கென்று சொல்லவில்லை.

சொல்லவே கூடாது. கையைக் கழுவிவிட்டு ரொட்டி எடுக்காமல் இருப்பது, ஒரு துணுக்குக் காயை உப்புநீரில் தோய்ப்பது, சாப்பிடும் முன்பே தட்டை அப்புறப்படுத்துவது, இத்தனையும் பிள்ளை “ஏன்?” என்று கேட்கட்டும் என்றுதான். பின்னாளில் பெரிய அறிஞரான அபாயே சின்னப் பையனாக இருந்தபோது மேசையை எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்து, “இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுக்கிறீர்களா?” என்றானாம். “மா நிஷ்தனா சொல்லும் வேலையை நீயே தீர்த்துவிட்டாய்” என்றார் அவனுடைய ஆசிரியர் ராப்பா. மா நிஷ்தனா என்பது “இந்த இரவு ஏன் வேறு?” என்று பிள்ளை கேட்கும் வழக்கமான கேள்வி. யூதச் சட்ட நூலான தல்மூத்தில் இருக்கிறது இந்தக் கதை. நாமோ ஒரு மாதம் முன்பே, புரிம் பண்டிகை முடிந்த மறுநாளே, படம் வரைந்து, பொம்மை செய்து, எல்லாவற்றையும் விளக்கித் தீர்த்துவிடுகிறோம். அன்றைக்கு வருவது கேள்வியா? ஒப்பிப்பு.

ஏப்ரல் 8

மட்சா, புளிக்காத ரொட்டி. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பில் வெந்திருக்க வேண்டும். இதைச் சொல்லலாம், தவறில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு சொன்னால் அவசரம் தானே புரியும்.

கையால் சுட்ட வட்ட மட்சா பெட்டிக்குள்ளேயே பாதி நொறுங்கித்தான் வரும். இன்றே பிரித்து முழுசாக உள்ளவற்றைத் தனியே எடுத்து வைக்கவும். செடர் மேசையில் வைக்கும் மூன்று அடுக்கில் மேலும் கீழும் உடையாதவையாக இருக்க வேண்டும். நடுவில் உள்ளதை யஹட்ஸ் படியில் இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அஃபிகோமனுக்கு ஒதுக்குவார்கள். ஆனால் அது சொன்ன இடத்தில் உடையாது. உபரியாக இரண்டு இருக்கட்டும்.

ஏப்ரல் 9

லெட்டியூஸ். பூச்சி. விளக்கைப் பின்னால் பிடித்து ஒவ்வொரு இலையாக.

ஏப்ரல் 10, வியாழன்

தலைப்பிள்ளைகளின் நோன்பு இன்றைக்கே. நாளைக்கு மறுநாள் வர வேண்டியது. ஓய்வுநாளில் அந்த நோன்பு இல்லை என்பதால் முன்னே தள்ளியாயிற்று.

ராத்திரி ஹமேட்ஸ் தேடல்: பண்டிகையில் வீட்டில் இருக்கக்கூடாத புளித்த மாவுப்பண்டத்தைத் தேடுவது. மெழுகுவத்தி, இறகு, மரக்கரண்டி. பத்து ரொட்டித் துண்டுகள், துகள் சிந்தாதபடி ஒவ்வொன்றும் தாளில் சுற்றி. ஒளித்த இடங்களைக் கட்டாயம் எழுதி வைக்கவும். எழுதாத வீட்டில் ஒன்பதுதான் கிடைக்கும், பத்தாவதற்காக நடுராத்திரியில் சோபாவைக் கவிழ்ப்பார்கள். விளக்கில்லாத இருட்டும் கையில் மெழுகும் இருந்தால் போதும், பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் வேண்டாம். நெருப்பைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். இறகு சட்டென்று கருகும், நாற்றம் வீடு முழுக்க.

தூக்கம் பற்றிய கவலை தீரவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி காலை

கிடைத்த ஹமேட்ஸை எரித்தாயிற்று. நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் பீட்டா ரொட்டி, அதில்தான் துகள் குறைவு. பத்து மணிவாக்கில் முடித்துவிட வேண்டும். மட்சாவையும் நாளை தொடக்கூடாது, ராத்திரிக்கு ஆசை மிச்சம் இருக்க வேண்டுமாம். பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது.

வெள்ளி மதியம்

செடர் தட்டுக்கான கோழிக் கழுத்தை நெருப்பில் வாட்டியாயிற்று. முட்டையும். உப்புநீரும் இன்றே: ஒரு தம்ளர் தண்ணீருக்கு இரண்டு சிறு கரண்டி உப்பு. குதிரைமுள்ளங்கி துருவி உடனே மூடி இறுக்கியது. திறந்து கிடந்தால் நாளைக்குக் காரம் பறந்து வெறும் நார். சின்னவர்களுக்கு அது வேண்டாம், மரோருக்கு, அதாவது கசப்புக் கீரைக்கு, லெட்டியூஸே போதும். கழுவிய இலையை ஈரத்துணியில் சுற்று, தண்ணீரில் போட்டு வைக்காதே. 24 மணி நேரம் ஊறினால் மரோருக்கு ஆகாது. ஹரோசெத் என்கிற இனிப்பு விழுது: நாலு ஆப்பிள், ஒரு கை வால்நட், பட்டை, இனிப்பு வைன். பக்கத்து ஈராக்கிய வீட்டில் பேரீச்சம்பாகும் கொட்டையும்தான். வாசனை நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது, சொன்னால் சண்டை வரும்.

மெழுகு! நாளை ராத்திரி புது நெருப்பு உண்டாக்கக் கூடாது, எரிகிற ஒன்றிலிருந்துதான் பற்ற வைக்கலாம். இங்கே சூரியன் மறைய நாற்பது நிமிடம் முன்பே விளக்கேற்றும் வழக்கம். 6.25க்கு ஏற்றினால் நாளை 7.45 வரை 25 மணி நேரம் 20 நிமிடம். கடையில் வாங்கியது 24 மணி நேரத்தது. இரண்டு நாள் எரிவதை வாங்கி வரச் சொல்லியிருக்கிறது.

நாளை மதியம் பிள்ளைகளைத் தூங்க வைக்க வேண்டும். “ராத்திரி முழித்திருக்கத் தூங்கு” என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது, ஓய்வுநாளில் அதுவும் ஏற்பாடு செய்வதாகிவிடும். படு என்று மட்டும் சொல்லலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு இரவு

மெழுகு கடைசிவரை எரிந்தது.

கித்தூஷ், வைன் கிண்ணத்தின் மேல் சொல்லும் பண்டிகை ஆசி, சனி இரவில் நீளம்: வைன், கித்தூஷ், விளக்கு, ஓய்வுநாளை வழியனுப்பும் ஹவ்தாலா, காலத்துக்கான நன்றி. எபிரேய முதலெழுத்துகளைச் சேர்த்தால் யக்னஹாஸ். ஜெர்மன் பேசிய யூதர் காதில் அது “முயலை விரட்டு” என்று விழ, 1526இல் பிராகில் அச்சான ஹகதாவில், செடரில் வாசிக்கும் நூலில், முயல் வேட்டைப் படமே போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தின் நகலைக் கித்தூஷுக்கு முன் மேசையில் வைத்தது, எதுவும் சொல்லாமல். “எகிப்தில் முயல் எங்கே வந்தது?” முதல் கேள்வி அதுதான். மா நிஷ்தனாவுக்கு வெகு முன்னே.

எகிப்தியர் மேல் வந்த வாதைகளைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து சிந்துவது 16 சொட்டு வைன், பத்து இல்லை. இரத்தம், நெருப்பு, புகைத் தூண்களுக்கு மூன்று, வாதைகள் பத்து, யூதா ரப்பி வாதைகளுக்கு வைத்த சுருக்கக் குறிகளுக்கு மூன்று. அடுத்தவன் பட்ட பாட்டில் நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பார்கள். விரலை நக்காதே என்று பதினாறு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆளுக்கொரு சின்னத் தட்டு வைத்திருந்தால் துணி தப்பியிருக்கும்.

நான்கு பிள்ளைகளில் கேட்கத் தெரியாத நாலாமவனுக்கு, “நீ அவனுக்குத் திறந்துவிடு” என்கிறது ஹகதா. அந்த “நீ” பெண்பாலில் இருக்கிறது. விளக்கிவிடு என்று இல்லை, திறந்துவிடு.

சின்னவள் கோரேக்கில், மட்சாவோடு கசப்புக் கீரையைச் சேர்த்துத் தின்னும் படியில், தூங்கிப்போனாள், வாயில் இலையோடு. ஒன்பதரை இருக்கும். அடுத்த வருடம் மாகிதை, கதை சொல்லும் படியை, இன்னும் சுருக்கி

ஓமர், இன்றிரவு தொடங்கும் நாள் கணக்கு, எண்ண வேண்டும். இன்று ஒன்று.