கிராம சபைக்கு ஆள் சேர்க்க கே.ஆர்.புரத்தில் ரயில் ஏறினோம்

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் பக்கம். ரேஷன் கடைக்குப் போக அம்மாவுக்கு ஒன்றரை மணி நேர நடை. திரும்பும்போது தலையில் மூட்டை, இரண்டு மணி நேரம். கைரேகை மெஷினுக்கு சிக்னல் கிடைக்காத நாளில் வெறும் பையோடு வரணும். ஊருக்குள் ஒரு பகுதிநேரக் கடை வேண்டும் என்று வருஷக்கணக்கில் மனு கொடுத்துப் பார்த்தோம். போன இடத்திலெல்லாம் கேட்டது ஒன்றுதான்: "கிராம சபைத் தீர்மானம் இருக்கா?"

இல்லை. காரணம் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர் வரணும். 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எங்களுக்கு 200. கீழ்நாட்டில் தண்டோரா போட்டால் கூட்டம் கூடிவிடும். எங்களுக்கோ மலை மடிப்புக்கு ஒரு குக்கிராமம். ஆம்பளைகளில் பாதிப் பேர் பெங்களூரில் சென்ட்ரிங், கம்பி வேலை. மீதி குடகு காப்பித் தோட்டம். கூட்டம் கலைந்த பிறகு கையெழுத்து நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய் எண்ணிக்கையை நிரப்புவதும் நடக்கும். அப்படி நிரப்பிய நோட்டில் நாங்கள் கேட்டது மட்டும் ஏறாது.

பழங்குடிப் பகுதியில் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ம் வருஷ பெசா சட்டம் எங்களுக்குக் கிடையாது. அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவித்த பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி எதையும் அறிவிக்கவே இல்லை. ஆக, எல்லா ஊருக்கும் உள்ள சாதாரண கிராம சபைதான் எங்களுக்கும்.

கிராம சபை கூடும் 2023 ஆகஸ்ட் 15 செவ்வாய்க்கிழமை. சைட்டுக்கு அன்று ஒருநாள்தான் லீவு. வாட்ஸ்அப்பில் இரண்டு வாரம் கெஞ்சி, திங்கள் சாயங்காலம் பெங்களூர் கே.ஆர்.புரத்தில் 34 பேர் ரயில் ஏறினோம். ஜோலார்பேட்டையில் இறங்கி, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் படுத்து, விடிந்ததும் இரண்டு வேன் பிடித்து மேலே போனோம்.

ஊராட்சி கிளார்க் அண்ணன் எங்களைப் பார்த்ததும், "தம்பி, பெங்களூர்க்காரங்க கையெழுத்து செல்லாதுப்பா" என்றார். நான் வாக்காளர் பட்டியலை பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பேருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக் கொண்டுபோயிருந்தேன். "அண்ணா, பஞ்சாயத்து லிஸ்ட்ல பேர் இருந்தா அவங்க கிராம சபை உறுப்பினர்தானே?" அவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். வேறு எதுவும் பேசவில்லை. ஆனால் எங்களில் நாலு பேர் ஓட்டை கே.ஆர்.புரத்துக்கு மாற்றியிருந்தார்கள். அவர்களுக்கு வேன் கூலிதான் தண்டம்.

மதியம் ஒரு மணிக்கு எண்ணிக்கை 187. தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட என் தம்பி ஓடினான். களைக்கொத்தோடு அப்படியே வந்தார்கள். அதற்குள் ஸ்டாம்ப் பேட் காய்ந்துவிட்டது. ஒரு பாட்டியின் கட்டைவிரலில் பேனா ரீஃபிலைத் தேய்த்து நோட்டில் அழுத்தினோம். ரேகை ஒன்றும் தெரியவில்லை, நீலத் திட்டுதான் விழுந்தது. அதுதான் இருநூறாவது. முடிவில் 211.

தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொல்லி, சத்தமாக வாசிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்தோம். "அப்புறம் எழுதிக்கிறேன்" என்றால் நம்பாதீர்கள்.

நகல் கேட்டால் தரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அதற்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும். தமிழ்நாட்டு வில்லைக்கு பெங்களூரில் எங்கே போவது? மாமாதான் திருப்பத்தூரில் வாங்கி ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினார். 30 நாள் கெடு. 29-ம் நாள் நகல் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஊர்ப் பேரில் ஒரு துணைக்கால் இல்லை. வாசிக்கும்போது சரியாகத்தான் வாசித்தார்கள். அந்தக் கால் இல்லாவிட்டால் அது பக்கத்து ஊர்! அவர்களிடம் ஏற்கெனவே கடை இருக்கிறது.

திருத்த வேண்டுமென்றால் மறுபடி கிராம சபை, மறுபடி 200. அக்டோபர் 2-க்கு இன்னொரு தடவை ரயில். இந்த முறை 26 பேர்தான் வந்தார்கள். ஆனால் ஊர்ப் பெண்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வராமலே கோரம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவும் இன்னும் மூன்று பேரும் தீர்மான நகலோடு போனார்கள். பிறகு ஊருக்கு ஆள் வந்து கார்டுகளை எண்ணிக்கொண்டு போனார், மூன்று மாதம் பேச்சே இல்லை, அப்புறம் ஒருநாள் திடீரென்று மூட்டை வந்து இறங்கியது.

இப்போது சமுதாயக் கூடத்தில் மாதம் இரண்டு நாள் கடை. சிக்னல் மட்டும் அங்கேயும் கிடையாது. கடைக்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துப் பாறைமேல் ஏறி நிற்கிறார். கார்டும் கையுமாக வரிசை அவர் பின்னாலேயே பாறைக்கு நகர்கிறது.