தொட்டி மூடியின் ரப்பர் வளையம்

சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. விபத்து அறிக்கையில் "எரிபொருளில் தண்ணீர்" என்று படித்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது பெரும்பாலும் தடுத்திருக்கக்கூடிய விபத்து.

பல விமானங்களில் எரிபொருள் தொட்டியின் மூடி இறக்கையின் மேலேயே இருக்கிறது. அதிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். இந்த எஞ்சின்களுக்கான பெட்ரோலான ஏவ்காஸ் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ, தண்ணீர் 1 கிலோ. அதனால் தண்ணீர் அடியில் போய்த் தங்கிவிடும். தரையில் எஞ்சின் நன்றாகவே ஓடும். மூக்கைத் தூக்கி மேலேறும்போது தேங்கிய நீர் நகர்ந்து கார்புரேட்டருக்குப் போய்விடலாம். சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் யோசிக்க ஏது நேரம்? ஓடுபாதைக்கே திரும்ப முயன்று, வேகம் இழந்து விழுந்தவர்கள் பலர்.

பறக்கும் முன், எரிபொருளை வடித்தெடுக்கும் ஒவ்வொரு வடிகாலிலிருந்தும் கொஞ்சம் குப்பியில் பிடித்துப் பாருங்கள். 100 எல்எல் என்ற ஏவ்காஸ் வகை வெளிர் நீலமாக இருக்கும், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரியும் கோடே தெரியாது. சுத்தமாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது அங்கேதான். நிறத்தைப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். தவறுதலாக ஜெட் எரிபொருள் கலந்திருந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

அப்புறம், அந்த வளையத்தை அடுத்த வருடாந்திரச் சோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உரிமையாளருக்கு, விமானம் பறக்கத் தகுதியானது என்று நான் கையெழுத்துப் போடுவதில்லை.