சோறு ஆறுது: ஒரு அரைமணித் தொடரின் நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்களுக்கு இதுதான் ஷூட்டிங் காலம். லோக்கல் கேபிள் சேனலில் ஞாயிறு இரவு அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது. ஆறு வாரம், ஆறு கதை. எழுதுகிற ஆறு பேரின் கதையும் இதுவரை எங்கும் வந்ததில்லை. ஒரு கதைக்கு 9,000 ரூபாய். கேமரா வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அதற்குள். அதனால் ஒரே இடம், மூன்று பேருக்கு மேல் கூடாது, ஒரே நாளில் எடுத்து முடிக்க வேண்டும்.

ஏப்ரல் 19

முதல் கதை தேவனாம்பட்டினத்துப் பெண்ணுடையது. நர்சிங் படிக்கிறாள். தடைக்காலத்தின் 61 நாளும் வீட்டில் இருக்கும் ஒரு படகுத் தொழிலாளி, அவன் மனைவி. வருடமெல்லாம் தூங்க மட்டும் வீட்டுக்கு வந்தவன், இப்போது பகல் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கிறான். என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மூன்று மணிக்குப் பழக்கத்தில் எழுந்து அவள் டீ போடுகிறாள். அவனும் விழித்துத்தான் கிடக்கிறான். அவள் கூப்பிடவில்லை, அவன் எழவில்லை. டீ ஆறிப்போகிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 20

“சண்டை இல்ல, பாட்டு இல்ல, யாரு பாப்பா?” என்றார் சேனல்காரர். பிபிசி கதையைச் சொன்னேன். 1973 முதல் 1978 வரை பர்மிங்ஹாமிலிருந்து ‘செகண்ட் சிட்டி ஃபர்ஸ்ட்ஸ்’ என்று அரைமணி நாடகங்கள் வந்தன. புதிதாக எழுத வருகிறவர்களுக்கான இடம் அது. பின்னால் பெரிய பெயர் எடுத்த ஆலன் பிளீஸ்டேல் 1975-இல் அதற்கு எழுதினார். ஒவ்வொரு வாரமும் வேறு கதை, வேறு ஆட்கள் என்பதால் ஒன்று சரியாக வராவிட்டாலும் அடுத்ததைப் பாதிக்காது. சோதனை செய்து பார்க்க இதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை. “சரி, ரெண்டு வாரம் போடுவோம்” என்றார்.

ஏப்ரல் 24

இன்று ஜெயகாந்தன் பிறந்த நாள். 1934-இல் இந்தக் கடலூரில் பிறந்தவர். நாளை புதுமைப்பித்தனுக்கு, 1906, திருப்பாதிரிப்புலியூர். புதுமைப்பித்தனுக்கு எழுத ‘மணிக்கொடி’ பத்திரிகை இருந்தது, ஜெயகாந்தனுக்கு ‘சரஸ்வதி’. தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

இப்படி யோசிக்கிற நானே ஒரு தப்பு செய்துவிட்டேன். அவள் ஸ்கிரிப்டில் மனைவி “சோறு ஆறுது” என்கிறாள். அதை “சாப்பிட வாங்க” என்று திருத்தி வைத்திருந்தேன். இன்று அவள் வந்து தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “எங்கம்மா அப்பாவ ‘வாங்க’ன்னு கூப்புட்டதே இல்லண்ணா. சோறு ஆறுதுன்னு செவத்தப் பாத்துச் சொல்லும்.” என் திருத்தங்கள் பதினேழு இருந்தன. உட்கார்ந்து பதினேழையும் அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 27

ஷூட்டிங். கணவனாக நடித்தவர் நிஜப் படகுத் தொழிலாளி, தடைக்காலம் என்பதால் கிடைத்தார். மனைவியாக மீன் விற்கும் ஒரு அக்கா. சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்தினோம். வேர்வைக்கு மேக்கப் தேவைப்படவில்லை. பதினோரு மணிக்கு காலர் மைக் செத்துப்போனது. போனை அரிசிக் குண்டானுக்குப் பின்னால் மறைத்து வைத்து ஒலியைப் பதிந்தோம். காக்கா, பக்கத்து வீட்டு அடிபம்பு எல்லாம் விழுந்திருக்கிறது. எதையும் எடுக்கப் போவதில்லை.

அக்கா சுவரைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னபோது, கேமராவுக்குப் பின்னால் எழுதியவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மே 4

அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அப்பா வாசற்படியிலேயே இருந்தார், உள்ளே வரவில்லை. பெயர்கள் ஓடி முடிந்து விளம்பரம் வந்த பிறகு மகளிடம் கேட்டார்: “நான் முழிச்சிருந்தது ஒனக்கு எப்டித் தெரியும்?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அடுத்த கதைக்கு முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியைக் கேட்டிருக்கிறோம். புதன்கிழமை சொல்கிறார்களாம்.