சுங்கை சிப்புட் கிராணி வீட்டு விளக்கு

பழைய மின்விளக்குகளைத் தேடிச் சேர்த்துப் பழுது நீக்குபவன் நான் என்பதால், பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர், குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று உறவினர் சொன்ன மறுநாளே கோலாலம்பூரில் ரயிலேறிவிட்டேன்.

முன்கூடத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே கரும்பச்சையும் உள்ளே வெள்ளையுமாக எனாமல் பூசிய இரும்புக் குடை. பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும், பேக்லைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன ஹோல்டர். அந்தத் தோட்டத்திலேயே வயரிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒயர வளைக்காதீங்க தம்பி, உதிர்ந்துடும்."

அவர் சொன்னபடியே, துணியுறை கிழிந்திருந்த இடத்தில் விரல் பட்டதும் உள்ளிருந்த ரப்பர் காய்ந்த அப்பளம்போல நொறுங்கியது. பிவிசி பிளாஸ்டிக் பரவலாவதற்கு முன் மின்கம்பிகளுக்கு ரப்பர்தான் காப்பு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால், கம்பிக்கு மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுப்பார்கள். கிழிசலின் வழியே அது மங்கிய வெள்ளியாகத் தெரிந்தது. பேராக் மண் உலகத்துக்குக் கொடுத்த ரப்பரும் வெள்ளீயமும் ஒரே கம்பியில் என் உள்ளங்கையில் கிடந்ததைக் கண்டு சற்று நேரம் ஏணியிலேயே நின்றுவிட்டேன். 1930ஆம் ஆண்டிலேயே செண்டரோ அணையிலிருந்து மின்சாரம் எடுத்த மாநிலம் இது. ஆனாலும் பால்வெட்டுக்குப் போன என் பாட்டி தொழிலாளர் லயத்து வீட்டில் கடைசிவரை மண்ணெண்ணெய் விளக்கோடுதான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குடையை இளஞ்சூட்டுச் சோப்புநீரில் கழுவினேன். விளிம்பில் எனாமல் பெயர்ந்த இடங்களை மறைக்கவில்லை, துருவை மட்டும் எடுத்தேன். புதுப் பெயிண்ட் அடித்தால் அது வேறு விளக்காகிவிடும் என்பது என் உறுதியான கருத்து. பழைய பேக்லைட்டில், தூசாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போடாமல் ஈரத்துணியால் துடைத்தேன். பழைய ஒயரை எக்காரணம் கொண்டும் மின்சாரத்தில் இணைக்கக் கூடாது. அதில் இரண்டே கம்பிகள்; இரும்புக் குடைக்கு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி, கிடையாது. மூன்று கம்பி கொண்ட புதிய ஒயரை இழுத்து, சூடு குறைந்த எல்இடி பல்பு மாட்டினேன்.

எரியும் விளக்கின் படத்தைப் பெரியவருக்கு அனுப்பியதும் அழைத்தார்.

"எர்த் கொடுத்தீங்களா தம்பி?"

"கொடுத்துட்டேன் ஐயா."

"அப்ப சரி. ஒயர் மிச்சம் இருந்தா எனக்கு ஒரு சாண் அனுப்புங்க."