நிலம் தேடி அலைந்த பெஞ்சமின் லண்டி

அமெரிக்க அடிமை ஒழிப்பு வரலாற்றில் புகழ்பெற்ற இதழாளர் வில்லியம் லாயிட் காரிசனை அறிந்த அளவுக்கு, அவரைத் தன் அடிமை ஒழிப்பு இதழில் சேர்த்துக்கொண்ட பெஞ்சமின் லண்டியை நாம் அறியவில்லை. 1789இல் நியூ ஜெர்சியில், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் பிறந்த அவர், சேணம் தைக்கும் தொழிலாளி. வீலிங் நகரில் அடிமைகள் சங்கிலியில் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்டதைக் கண்டதே அவர் வாழ்வைத் திருப்பியது.

அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவர் ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வர்ஜீனியா 1806இலேயே சட்டம் இயற்றியிருந்தது. அப்படியானால் அவர்கள் எங்கே போவார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் லண்டி ஹெய்ட்டிக்கும், 1832இல் கனடாவுக்கும், பின்னர் அடிமை முறையை 1829இல் ஒழித்திருந்த மெக்சிகோவின் டெக்சஸ் பகுதிக்கும் பயணம் செய்தார். முதல் ஹெய்ட்டிப் பயணத்தின்போது ஊரில் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். மெக்சிகோவில் கையில் பணமில்லாதபோது, தோல் வேலை செய்து கிடைத்த கூலியில்தான் நாள்களைக் கடத்தினார். கூலி உழைப்பாலேயே பருத்தியும் கரும்பும் லாபகரமாக விளையும் என்று தோட்ட முதலாளிகளுக்கு நிரூபித்துக் காட்டும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

பிறந்த மண்ணை விட்டு ஏன் போக வேண்டும் என்று கறுப்பினத் தலைவர்கள் பலர் எழுப்பிய எதிர்ப்பே நியாயமானது என்பது என் கருத்து. ஆயினும் லண்டியின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை.

1835இல் மெக்சிகோவின் தமௌலிபாஸ் மாநில அரசு 250 குடும்பங்களைக் குடியேற்ற நிலம் வழங்கியது. ஆனால் மெக்சிகோவுக்கு எதிராக டெக்சஸ் கிளர்ச்சி மூண்டதால் திட்டம் கைகூடவில்லை. 1836இல் எழுந்த டெக்சஸ் குடியரசோ அடிமை முறையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. லண்டி திரட்டிய தகவல்களைக் கொண்டு முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் நாடாளுமன்றத்தில், டெக்சஸை அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்தார். இணைப்பு 1845இல் நடந்தேறியது. அதற்கு ஆறாண்டுகள் முன்பே லண்டி இல்லினாயில் காலமாகியிருந்தார்.