மினொக்ஸிடில்: முதல் போத்தலில் இருந்து பன்னிரண்டாவது போத்தல் வரை

"தலைக்குப் பூசுற மருந்து உண்மையா வேலை செய்யுமா?" மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் பாமசிக் கவுண்டரில் நிற்கிற எவரும் முடி உதிர்வுக்குப் பூசும் மினொக்ஸிடிலைப் பற்றி அடிக்கடி கேட்கிற கேள்வி இது. வாங்கிப் போகிறவர்களில் பலர் இரண்டாவது போத்தல் முடிய முதலே விட்டுவிடுகிறார்கள். பல நேரம் காரணம், மருந்து பூசின இடம் பிழை, அல்லது அவர்களுக்கு வந்த முடி உதிர்வுக்கு அது மருந்தே இல்லை. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மினொக்ஸிடில் காசுக்குப் பெறுமதியான மருந்து. ஒரு வருடம் பூசும்போது என்னென்ன நடக்கும் என்று தெரியாமல் தொடங்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

போத்தலை வாங்க முதல் தலையைப் பாருங்கள். ஆண்களுக்கு உச்சி வட்டமாக ஐதாகும், நெற்றியின் இரண்டு மூலையும் பின்வாங்கும். பெண்களுக்கு வகிடு அகன்று நடுமண்டைத் தோல் தெரியும். இது பரம்பரை வழுக்கை. இதில் முடி கொத்தாகக் கொட்டுவது குறைவு. விழுந்த இடத்தில் முளைக்கிற மயிர் ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட மெலிந்து, கடைசியில் பூனைமயிர் மாதிரி ஆகிவிடும். மினொக்ஸிடில் இதற்குரிய மருந்து.

மழைக்காலம் முடிந்து நுளம்பு பெருகி டெங்குக் காய்ச்சல் வந்து போன வீடுகளில் பங்குனி, சித்திரை அளவில் சீப்பு நிறைய முடி வரும். அது வேறு கதை. கடும் காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய சத்திரசிகிச்சை, சாப்பாட்டைக் குறைத்து உடம்பை மெலிய வைத்தல், இவற்றில் எது நடந்தாலும் முடி உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் விழும். அதற்குள் காய்ச்சல் மறந்துபோயிருக்கும், பழி ஷாம்புவின் தலையில் விழும். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்று, முடி திரும்ப வரும். இதற்குப் போத்தல் வாங்குவது வீண்செலவு.

காசு அளவில் வழுவழுவென்று வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. அதற்குத் தோல் வைத்தியரிடம் வேறு சிகிச்சை இருக்கிறது. சின்ன வெங்காயம் தேய்க்கும் வழக்கமும் இதற்கு உரியதுதான். 2002இல் பாக்தாத்தில் வெங்காயச் சாற்றை வைத்துச் செய்த சிறிய ஆய்வும் புழுவெட்டைப் பற்றியதே. அதை வழுக்கைக்குத் தேய்த்தால் கண் எரிவதுதான் மிச்சம். பிள்ளைகளின் தலையில் செதிலோடு முடி முறிந்த திட்டு இருந்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அதற்குக் குளிசை வேண்டும், பூச்சு மட்டும் போதாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழுகி ஒரு நாள் ஆன தலையில் ஐம்பது அறுபது மயிரைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் பிடித்து, அடியில் இருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் அது கொட்டுகிற காலம்; காரணத்தைத் தேட வேண்டும். பெண்களுக்கு இந்த இடத்தில் இரத்தப் பரிசோதனை முக்கியம்: இரத்த அணுக்களை எண்ணும் எப்.பி.சி., உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் பெரிற்றின், தைரொயிட்டுக்கு ரீ.எஸ்.எச். இரும்புச்சத்துக் குறைந்த தலையில் எத்தனை போத்தல் ஊற்றினாலும் முழுப்பலன் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் தோல் கிளினிக்கில் ஒரு தடவை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு நாள் அலைச்சல் ஒரு வருடச் செலவைக் காப்பாற்றும்.

மினொக்ஸிடில் முதலில் உயர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த குளிசை. அதைக் குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் மயிர் வளரத் தொடங்கியதைப் பார்த்துத்தான் தலைக்குப் பூசும் வடிவம் வந்தது. அமெரிக்காவில் ஆண்களுக்கு 2 சதவீத நீர்மத்துக்கு 1988இல் அனுமதி கிடைத்தது. ஓய்வில் கிடக்கிற மயிர்வேரை எழுப்பி வளரும் நிலைக்குத் தள்ளுவது இதன் வேலை. வழுக்கையை உண்டாக்கும் ஹோர்மோனை இது தொடுவதில்லை. அதனால்தான் விட்டால் பலனும் போய்விடுகிறது. மருந்தை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதியம் தலைத்தோலில் சிலருக்குக் குறைவு. அவர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பூசினாலும் முடி வராது. அதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை.

ஆண்களுக்கு 5 சதவீதம், நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 1 மில்லிலீற்றர். 2002இல் வெளியான 48 வார ஆய்வில் 5 சதவீதம் பூசிய ஆண்களுக்கு, 2 சதவீதம் பூசியவர்களைவிட 45 சதவீதம் கூடுதலாக முடி வளர்ந்தது. பெண்களுக்கு 2 சதவீத நீர்மம் இரண்டு தடவை, அல்லது 5 சதவீத நுரை ஒரு தடவை. 60 மில்லிலீற்றர் போத்தல் சரியாக முப்பது நாளுக்குக் காணும். எனவே வாங்க முதல் விலையைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். அந்தத் தொகை கனத்தால் தொடங்காதீர்கள். காசு இருக்கிற மாதம் பூசி இல்லாத மாதம் விடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெயில் விழுகிற கண்ணாடி அலுமாரியில் கிடந்த போத்தலையும், பெயர் விவரம் இல்லாமல் ஒன்லைனில் "கலவை" என்று விற்கிற போத்தலையும் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

இனிப் பூசுவது. முடி உதிர்கிறவர்கள் விடுகிற முதல் பிழை, மருந்தை முடிக்குப் பூசுவது. மருந்து போக வேண்டியது தோலுக்கு. தலை காய்ந்திருக்க வேண்டும். வால் சீப்பால் ஐதான இடத்தில் ஒரு வகிடு எடுங்கள், வெள்ளைத் தோல் கோடாகத் தெரியும். துளிக்குழாயின் நுனியைத் தோலில் தொடாமல் அந்தக் கோட்டில் நான்கைந்து துளி விடுங்கள், வழிய முதல் ஒரு விரலால் பரப்புங்கள். ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்த வகிடு. உச்சிக்கு ஐந்தாறு கோடு போதும். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. துளியை எண்ணி அளக்காதீர்கள். இது மதுசாரம் கலந்தது, துளி தண்ணீர்த்துளியைவிடச் சிறியது, எண்ணிக்கை பிழைக்கும். குழாயில் 1 மில்லிலீற்றர்க் கோடு இருக்கிறது. ஸ்பிரே என்றால் ஊசியில்லாத ஒரு சிரிஞ்சுக் குழாய்க்குள் அடித்து, எத்தனை தடவை அடித்தால் 1 மில்லிலீற்றர் வருகிறது என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

நுரை வாங்குகிறவர்களுக்கு எங்கள் வெக்கையில் ஒரு பிரச்சினை வரும். விரலில் எடுத்தவுடன் உருகித் தண்ணீராகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள், நிற்கும்.

இரண்டாவது பிழை எண்ணெய். காலையில் தேங்காயெண்ணெய் வைத்துத் தலைவாருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதன் மேல் மருந்து விட்டால் தோலில் நில்லாமல் நெற்றிக்கு வழியும். எண்ணெய் முடியின் தண்டுக்கு நல்லது, முறிவைக் குறைக்கும். வேருக்கு அது மருந்தில்லை. எண்ணெயை விடச் சொல்லவில்லை. எண்ணெய் வைத்து ஊறி முழுகி, துவாயால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மருந்து. பூசிய பிறகு நான்கு மணித்தியாலம் தலையை நனைக்கக் கூடாது. ஐந்து நேரம் தொழுகிறவர்கள், ஒழு செய்யும்போது (தொழ முதல் கழுவும்போது) தலை நனையுமே என்று கேட்பார்கள். சுபஹு (அதிகாலைத் தொழுகை) முடிந்து ஒன்று, இஷா (இரவுத் தொழுகை) முடிந்து ஒன்று என்று வைத்தால் ஒழுவோடு முட்டாது. இரவில் படுக்க இரண்டு மணித்தியாலம் முதல் பூசிவிட வேண்டும். இல்லாவிட்டால் தலையணை உறையில் ஒட்டி முகத்துக்கு வரும். பெண்களுக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மயிர் முளைக்க இதுவும் ஒரு காரணம். அப்படி முளைத்தால் பயப்பட வேண்டாம், மருந்தை நிறுத்திச் சில மாதத்தில் உதிர்ந்துவிடும்.

கச்சான் காற்றுக் காலத்தில் பூசியவுடன் வெளியே இறங்கினால் வியர்வையோடு எல்லாம் இறங்கிவிடும். மின்விசிறிக்குக் கீழ் அரை மணித்தியாலம் இருங்கள். காய முதல் ஹெல்மெட் போடவோ பர்தாவால் மூடவோ கூடாது, மூடினால் தோல் தேவைக்கு மேல் உறிஞ்சும். மதுசாரம் என்பதால் ஈரம் காயும் வரை சாமி விளக்குக்கும் காஸ் அடுப்புக்கும் கிட்டப் போகாதீர்கள். நேர்த்திக்கு மொட்டை அடித்தால் கத்தி கீறின தோல் ஆறும் வரை நிறுத்தி வையுங்கள். ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரட்டிப்பாக ஊற்றத் தேவையில்லை.

பூசி முடித்துக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இது மிக முக்கியம். பூனைக்கு இந்த மருந்து சின்ன அளவிலும் உயிராபத்து. தலையணையை நக்கினாலும், கையைத் தடவினாலும் போதும். போத்தல் சிந்தினால் அந்த இடத்தை உடனே கழுவித் துடையுங்கள்.

மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் நடுவில் முடி முந்தியதைவிடக் கூடக் கொட்டத் தொடங்கலாம். பலர் விடுவது இந்த இடத்தில்தான். ஓய்வில் கிடந்த வேர் எழும்பும்போது பழைய மயிரைத் தள்ளிவிடுகிறது. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். சில வாரத்தில் நின்றுவிடும். இரண்டு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால் காட்டுங்கள்.

அடுத்தது சொறி. நீர்மத்தில் மருந்தைக் கரைத்து வைக்க புரொப்பலீன் கிளைக்கோல் சேர்ப்பார்கள். பலருக்குச் சொறிவும் செதிலும் தருவது அதுதான். அதைப் பொடுகு என்று நினைத்துக் கடும் ஷாம்பு போட்டால் இன்னும் கூடும். நுரையில் அது இல்லை, மாறிப் பாருங்கள். தலைமயிரில் உப்புப் போல வெள்ளைத் தூள் தெரிந்தால் அது காய்ந்த மருந்து, பயமில்லை. நெஞ்சு படபடத்தால், தலை சுற்றினால், நெஞ்சு நொந்தால், கால் வீங்கினால், திடீரென்று நிறை கூடினால் அன்றே நிறுத்தி வைத்தியரைப் பாருங்கள். இருதய நோயோ இரத்த அழுத்த மருந்தோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களும் பூசக் கூடாது.

கண்ணாடியைத் தினமும் பார்க்காதீர்கள், ஏமாற்றம்தான் வரும். தொடங்கும் நாளில் ஒரே யன்னலடியில், காய்ந்த முடியோடு, ஒரே வகிட்டோடு உச்சியைப் படம் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதே இடத்தில் அதே நேரத்தில் எடுங்கள். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும், அதனால் நான்காம் மாதத்துக்கு முதல் ஒன்றும் தெரியாது. முதலில் நிறமில்லாத மெல்லிய மயிர் வரும், பிறகு தடிக்கும். உச்சியில் பலன் கூடுதல். பளபளவென்று மினுங்குகிற நெற்றி மூலையில் எதிர்பார்க்காதீர்கள், அங்கே எழுப்புவதற்கு வேரே மிச்சமில்லை.

ரோஸ்மேரி எண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். 2015இல் ஈரானில் நூறு பேரை வைத்து அதை 2 சதவீத மினொக்ஸிடிலோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டிலும் முடி கூடியது கொஞ்சம்தான், மருந்தில்லாத குழு ஒன்றும் வைக்கப்படவில்லை. அதை நம்பி 5 சதவீதத்தை விட வேண்டாம். ஹோர்மோன் பக்கத்தைத் தடுக்க பினஸ்டெரைட் இருக்கிறது, அது வைத்தியர் எழுத வேண்டியது. கர்ப்பிணிகள் உடைந்த பினஸ்டெரைட் குளிசையைக் கையால் தொடவும் கூடாது.

பன்னிரண்டாவது போத்தல் முடிகிறபோது முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சி மூடியிருந்தால் தொடருங்கள், இனி நிறுத்தும் நாள் வரை இது பல்துலக்குவது மாதிரி. முடி கூடாமல் அப்படியே நின்றிருந்தாலும் அது பலன்தான், பூசாத தலை ஒரு வருடத்தில் இன்னும் ஐதாகியிருக்கும். குறைந்துகொண்டே போயிருந்தால் பதின்மூன்றாவது போத்தலை வாங்காதீர்கள். நிறுத்தினால் மருந்து பிடித்து வைத்திருந்த முடி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் போய்விடும், அதற்கு மேல் தண்டனை ஒன்றும் இல்லை. சலூனில் கட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். வயலுக்கோ கடலுக்கோ போகிறவர்கள் தலையில் தொப்பியோ துண்டோ போட மறக்காதீர்கள், வெறும் உச்சியில் எங்கள் ஊர் வெயில் தோலைப் பொசுக்கிவிடும்.